பதில் இல்லை, மறுபடி கூப்பிடுகிறேன்

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் செல்விக்கு வயது முப்பத்து மூன்று. அவளிடம் தொழில் படிக்க வந்த அருமைநாயகத்துக்கு அறுபத்தொன்று. தபால் ஆபீஸ் வேலை முடிந்து, மனைவியும் போய்ச் சேர்ந்தபின், வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாத மனுஷர். முதலில் போனில் ஏதோ சின்ன வேலைக்குத்தான் கடைக்கு வந்தார். பிறகு, "எனக்கும் இதெல்லாம் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கெட்டிக்கார மாணவர்தான். ஆனால் வாயைத் திறந்தால் ஒரே பாட்டு. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஓசூருக்குப் போன மகள் பொன்மலரிடமிருந்து இரண்டு வருஷமாக ஒரு போன் இல்லை.

"பெத்தவன் இருக்கானா செத்தானான்னு ஒரு வார்த்தை கேக்கலை டீச்சர்."

செல்வி ஸ்க்ரூடிரைவரைத் தேடுவாள்.

அன்று காலை அவர் கேட்டேவிட்டார்.

"தலை முழுக்க அவதான் இருக்கா. நீங்க சொல்றது எதுவும் உள்ள ஏற மாட்டேங்குது. அவளை மறக்க ஒரு வழி சொல்லுங்க டீச்சர்."

"ஒரு வேலை இருக்கு, வாங்க சார்," என்று செல்வி பையை எடுத்தாள்.

தீப்பெட்டி ஆபீஸ் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. வாசலில் சரக்கு லாரி பில்லுக்காக நின்றது.

"சி டிரைவ்ல இடமில்லைன்னு கத்திக்கிட்டே இருந்துச்சும்மா," என்றார் மேனேஜர். "கண்டதையும் அழிச்சுப் பார்த்தோம். திரும்பத் திரும்ப ரொம்பிடுது."

செல்வி பென்டிரைவைச் செருகி அதன் வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்பினாள். எது இடத்தை அடைத்திருக்கிறது என்று சீடரைப் பார்க்கச் சொன்னாள்.

"அடேங்கப்பா! ஒரே ஒரு ஃபைல் டீச்சர். முக்கால் டிரைவை அதுவே முழுங்கியிருக்கு."

அதன் கடைசிப் பகுதியை மட்டும் திறந்தாள். ஆங்கிலத்தில் ஒரே வரி, மேலிருந்து கீழ்வரை. 'கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறேன்.'

"யாரைக் கூப்பிடுது?"

"வருகைப்பதிவுக்குக் கைரேகை வைக்கிற மெஷினை."

"அழிச்சிடலாமா?"

"அழிங்க."

அழித்தார். கம்ப்யூட்டர் ஒழுங்காக எழுந்தது, பில் வந்தது, லாரி கிளம்பியது. அருமைநாயகத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. பையைத் தூக்கப் போனவரை, "டீ குடிச்சிட்டுப் போகலாம் சார்," என்று செல்வி உட்காரவைத்தாள்.

டீ முடிந்தது. "இப்பப் பாருங்க."

அதே ஃபைல், புதிதாக முளைத்து வளர்ந்துகொண்டிருந்தது. அதே வரி.

"இதென்ன டீச்சர், அழிச்சோமே!"

"எழுதினதைத்தானே அழிச்சோம். கூப்பிடறது நிக்கலையே." மேனேஜரிடம் திரும்பினாள். "அந்த மெஷின் எங்க சார்?"

மேனேஜர் தலையைச் சொறிந்தார். வெள்ளையடிக்கும்போது கழற்றி அலமாரியில் வைத்தது. அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

அருமைநாயகத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கழட்டி உள்ள வச்சதும் நீங்க, பதில் இல்லைன்னு பொலம்புறதும் நீங்களா? நல்ல கூத்துய்யா!"

மெஷினைத் துடைத்து, சுவரில் பொருத்தி, வயரை அவரே மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. புதிய வரி ஒன்று வந்தது. 'பதில் வந்தது.' அதோடு ஃபைல் வளர்வது நின்றது.

வெளியே வந்ததும் செல்வி கேட்டாள்.

"முதல் தடவை நம்ம கடைக்கு எதுக்கு சார் வந்தீங்க?"

அருமைநாயகம் அப்படியே நின்றுவிட்டார். மகள் கல்யாணம் நடந்த வாரம் அது. போனை மேஜைமேல் வீசி, 'இந்த நம்பர் இனிமே எனக்கு வரக்கூடாது, பிளாக் பண்ணிக் குடும்மா' என்று கத்தியிருந்தார்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஆனாலும் வீம்பு போகவில்லை.

"மனசு இருந்தா அவ வேற நம்பர்லேர்ந்து கூப்பிட்டிருக்கலாம்ல டீச்சர்?"

செல்வி ஸ்கூட்டர் சாவியைத் தேடி எடுத்தாள்.

"அலமாரிக்குள்ள இருந்த மெஷின் தானாவா நடந்து வந்து சுவத்துல மாட்டிக்கிச்சு, சார்?"