இரண்டு அலகு பட்ட பாசி

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு உதறலாக இருக்கிறது. ஆறாவதோடு படிப்பை விட்டவள் நான். சாமி விஷயம் வேறு இதில் வருகிறது. ஒரு வார்த்தை கூடக்குறைய வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பறவைகள் நிறைந்த ஓர் ஏரி இருந்தது. அதன் நடுவில் ஒரு பாறை. அதை ஏரியம்மன் என்று பறவைகள் கும்பிட்டன. கல்யாணமாகாத பெண் பறவைகளுக்குக் கிழக்குக் கரை. ஆண் பறவைகளுக்கு மேற்குக் கரை. முதல் மழை பெய்த மறுநாள் நாரைப் பூசாரி பாறைமேல் நின்று தண்ணீர் தெளிப்பார். ஆணும் பெண்ணும் அலகால் நீர்ப்பாசி மாற்றிக்கொள்வார்கள். அதுதான் கல்யாணம். அதற்கு முன்னால் ஒரே பாசியில் இரண்டு அலகு பட்டால் அம்மன் கோபித்து ஏரியை வற்ற வைத்துவிடுவாள் என்பது அங்கே கட்டுப்பாடு.

மழைக்குக் காத்திருந்த அந்த நாட்களிலும் அழகு இல்லாமல் இல்லை. சாயங்காலமானால் கிழக்குக் கரையில் பெண்கள் கூட்டமாகப் பாடுவார்கள். மேற்குக் கரையில் சத்தமே இருக்காது. எல்லாரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மேகம் கறுத்தால் இரண்டு கரையும் ஒன்றாக அண்ணாந்து பார்க்கும். நினைத்தால் அந்தக் காத்திருப்பு இப்போதும் இனிக்கத்தான் செய்கிறது.

செம்பி கிழக்குக் கரை முக்குளிப்பான். கைக்குள் அடங்குகிற சின்ன நீர்ப்பறவை. மூழ்குவதில் கெட்டிக்காரி, பறப்பதில் மட்டம். ஒருநாள் நடு ஏரியில் மூழ்கி ஒரு பாசியை இழுத்தாள். மறுமுனையை யாரோ இழுத்தார்கள். மேலே வந்து பார்த்தால், மேற்குக் கரை முக்குளிப்பான் மாயன்!

“விடு! இது என் பாசி!”

“நான்தான் முதலில் பிடித்தேன்!”

“அப்படியா? இழு, பார்க்கலாம்!”

இருவரும் சிரித்தார்கள். வெகுநேரம் இருவருமே பாசியை விடவில்லை.

கானாங்கோழி பார்த்துவிட்டாள். “ஐயையோ! ஒரே பாசி! இரண்டு அலகு!” என்று பூசாரியிடம் ஓடினாள். உடனே கூட்டம் கூடியது.

“மாயா, மூன்று முழுக்குப் போடு. பாவம் தீர்ந்துவிடும்” என்றார் நாரைப் பூசாரி.

“மூன்றா சாமி? காலையிலிருந்து நாற்பது போட்டுவிட்டேனே!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“செம்பி, நீ பொழுது சாய்வதற்குள் ஏரியை விட்டுப் போ!”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“சாமி, அடுத்த ஏரிவரை பறக்க என் சிறகு தாங்காது. வழியிலேயே பருந்து அடித்துவிடும். ஒரே பாசிதானே? அவனுக்குக் குளியல், எனக்குச் சாவா?”

“வாயாடாதே! பெரியவர்கள் வகுத்தது இது. இரண்டு கரையிலும் இனி உன் கால் படக்கூடாது!”

“பட்டால் நாங்களே கொத்துவோம்!” என்றாள் கானாங்கோழி.

செம்பி கொஞ்சம் யோசித்தாள். “கரையில் கால் படக்கூடாது. அவ்வளவுதானே சாமி?”

“அவ்வளவுதான்!”

“அம்மன்மேல் ஆணையாகவா?”

“அம்மன்மேல் ஆணை!”

செம்பி தண்ணீரில் இறங்கினாள். பாசியையும் சருகையும் சேர்த்துத் தெப்பம்போல ஒரு கூடு கட்டினாள். அது மிதந்து போகாமல் கோரைத் தண்டோடு பின்னினாள்.

“சாமி! அவள் இன்னும் போகவில்லை!” என்று கத்தினாள் கானாங்கோழி.

பூசாரி எட்டிப் பார்த்தார். கரையில் கால் படவில்லை. ஆணையோ இட்டாகிவிட்டது. அவர் மீன் பிடிக்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் மாயன் ஒரு பாசியோடு வந்தான்.

“இங்கே வரப் பயமில்லையா உனக்கு?” என்றாள் செம்பி.

“மூன்று முழுக்கோடு என்னை விட்டுவிட்டார்களே. அந்த வெட்கம் பயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.”

செம்பி அவனையே பார்த்தாள். “பாசியைக் கீழே வை. மழை வரட்டும். அந்த ஒரு நாள்மேல் எனக்கும் ஆசை உண்டு.”

மழை வந்தது. மறுநாள் பாறைக்கு அவர்களை யாரும் கூப்பிடவில்லை. நடுத்தண்ணீரிலேயே பாசி மாற்றிக்கொண்டார்கள். கிழக்குக் கரையிலிருந்து தோழிகளின் பாட்டு கேட்டது. செம்பியின் கண் கலங்கியது. ஏரி மட்டும் வற்றவே இல்லை.

பிறகு செம்பி முட்டையிட்டாள். இரை தேடப் போகும்போதெல்லாம், கானாங்கோழியின் கண்ணில் படாதபடி முட்டைகளை ஈரப்பாசியால் மூடிவைத்துவிட்டுத்தான் அவள் மூழ்கினாள்.

ஒரே செயலுக்கு ஆணுக்கு ஒரு நியாயமும் பெண்ணுக்கு ஒரு நியாயமும் சொன்னால், அதைச் சாமியின் பெயரால் சொன்னாலும் அது நியாயம் ஆகாது.