கிணறு யார் பக்கம்

"சாமி, உங்க வீட்டை அளந்து பார்த்துத்தான் வாங்குவேன்," என்றாள் வெள்ளைத்தாய்.

மடத்தில் விபூதித் தட்டோடு வந்த மூத்த சீடர் சங்கரபாண்டி தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

வெள்ளைத்தாய் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். மடத்தின் தலைவரான அடிகளுக்குத் தாய் வயது. ஆனாலும் அவர்தான் அவளுக்குக் குரு.

வாடகை வீடுகளுக்குப் பெட்டி தூக்கியே அலுத்துப்போனவள் அவள். மடத்துக்குப் பின்னால் இருந்த தன் வீட்டை அடிகள் விற்கப்போகிறார் என்று தெரிந்ததும், முந்திக்கொண்டு கேட்டாள். சேர்த்து வைத்ததெல்லாம் அந்த ஒரு கூரைக்குத்தான். இது தவறினால் இன்னொன்று கிடையாது.

அடிகள் விரலாலேயே எல்லை காட்டினார். வேப்பமரம் வரைக்கும் நம்முடையது, கிணறும் உள்ளேதான் என்றார். மடத்துப் பூசைக்குத் தினமும் தண்ணீர் போவது அந்தக் கிணற்றிலிருந்துதான். அவளும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் போனபோது பக்கத்து வீட்டுக்காரி கிணற்றடியில் வாளியோடு நின்றாள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள் அக்கா, இனிக்கும் என்று உபசரித்தாள்.

கிணறு இல்லாத வீட்டை வாங்கி என்ன செய்வது? வெள்ளைத்தாய் நேரே போய் ஒரு சர்வேயரைப் பிடித்தாள். அவர் இப்போது டேப்போடு மடத்து வாசலில் நிற்கிறார். உள்ளே வரத்தான் பயம்.

"குருவையே அளக்க வந்துட்டியா?" என்றார் சங்கரபாண்டி.

"குருவை அளக்கலைண்ணே. வீட்டைத்தான் அளக்கேன்."

நம்பிக்கை இல்லாதவளுக்கு மடத்தில் என்ன வேலை என்று அவர் குதித்தார். இந்த மடத்தில் குரு வாக்கை இதுவரை ஒருத்தரும் மறுத்துப் பேசியதில்லையாம். இவள் என்ன பெரிய இவளா என்றும் கேட்டார்.

அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "சாமி உசிரைக் கேக்கட்டும், தாரேன். வீட்டை அளக்காம வாங்க மாட்டேன்."

அடிகள் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"அளக்கிறவங்களுக்கு வீடு இல்லைன்னு நான் சொன்னா?"

இருந்த வீட்டையும் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. வெள்ளைத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்ப வீடு வேண்டாம் சாமி. வாடகை வீட்டுலயே கிடந்து சாவுறேன். ஆனா நாளைக்கும் பூசைக்கு வருவேன். அதை நீங்களே சொன்னாலும் நிறுத்த மாட்டேன்."

அடிகள் சங்கரபாண்டியின் பக்கம் திரும்பினார்.

"அந்த வீட்டை எனக்குக் கொடுத்தது யாரு?"

"பெரிய சாமி."

"அவருக்கு?"

"அவரோட குரு."

"யாராவது அளந்தாங்களா?"

"குரு கொடுத்ததை யாரு சாமி அளப்பா?" என்றார் சங்கரபாண்டி பெருமையாக.

"நானும் அளக்கலை. அவர் விரல் காட்டின இடத்தைத்தான் நானும் காட்டினேன்."

அடிகள் எழுந்தார். வாசலுக்குப் போய், விழிபிதுங்கி நின்ற சர்வேயரிடமிருந்து டேப்பை வாங்கினார். ஒரு முனையை வெள்ளைத்தாயிடம் கொடுத்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தை நோக்கி நடந்தார்.

சங்கரபாண்டி பின்னாலேயே ஓடினார்.

"சாமி, கிணறு அவங்க பக்கம் போயிட்டா?"

"போகாதுப்பா. அது இருந்த இடத்துலதான் இருக்கும். நாமதான் இத்தனை காலமா கேக்காம எடுத்த தண்ணியில பூசை பண்ணியிருப்போம். டேப்பு தொய்யுது, நடுவுல பிடி."