மாப்பிள்ளை காணாமல் போன கேஸ்

ஆனைக்குழிப்பட்டிக்காரர்கள் யாரையும் முட்டாள் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒச்சப்பன், சோலைச்சாமி, வைரமணி என்ற அண்ணன் தம்பி மூவரைப் பற்றி யாராவது விசாரித்தால், "அவுக நிறையத் துப்பறியும் கதை படிப்பாக" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். கேட்டவர்களுக்குப் புரிந்துவிடும்.

படிப்பது நிஜம்தான். பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மர்ம நாவல்களில் ஒன்றையும் அவர்கள் விட்டதில்லை. மூத்தவர் ஒச்சப்பன் உரக்க வாசிப்பார். நடுவுள்ளவர் சோலைச்சாமி பயப்படுவார். இளையவர் வைரமணி கதவைச் சாத்துவார். சாயங்காலமானால் டி.வி.யில் துப்பறியும் தொடர். ஒருநாள் அதில் வரும் இன்ஸ்பெக்டர், "குற்றவாளி உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறான்" என்றார். மூவரும் பார்த்தார்கள். கண்ணுக்கு முன்னால் டி.வி.தான் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். அங்கிருந்த ஏட்டு நல்ல மனுஷர். இரண்டு நாள் வைத்திருந்து, சாட்சி போதவில்லை என்று சொல்லி ஜாமீனில் விட்டார்.

இப்படிப்பட்ட மூவருக்கும் ஒரே அக்காள், ராமுத்தாய். அக்காளுக்கு ஒரே மகள், இன்பவள்ளி. அவளுக்குத்தான் அன்றைக்குக் கல்யாணம்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்றால் சும்மா இல்லை. பெண்ணைக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது அவர். அவர் முகம் கோணினால் மேளம் நின்றுவிடும். இன்பவள்ளிக்குக் காது குத்தியபோது மூன்று மாமன்களின் மடியிலும் மாற்றி மாற்றி உட்கார வைத்துத்தான் குத்தினார்கள். ஒரு காது முடிந்த நேரத்தில் அவளுடைய அப்பா பெத்தணன், வெளிச்சத்தை மறைக்கிறார்கள் என்று, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க மச்சான்" என்று சொல்லிவிட்டார். மூவரும் தள்ளித் தள்ளி வீட்டுக்கே போய்விட்டார்கள். சமாதானம் ஆகிற வரைக்கும் அந்தப் பிள்ளை ஒற்றைத் தோட்டோடு பள்ளிக்கூடம் போனாள். அதிலிருந்து பெத்தணன் மச்சினன்மாரிடம் வாயைத் திறப்பதில்லை.

கல்யாணத்தன்று காலையில் நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். மாப்பிள்ளை தவமணிக்குச் சின்னமனூரில் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை. எழுந்ததும் கடை டீ குடித்தே பழகிய நாக்கு. மண்டபத்தில் கொடுத்த காபி அதற்கு ஒத்துவரவில்லை. சமையல்கட்டு வழியாக நழுவி, தெருமுனையில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனார். சொல்லிவிட்டுப் போகலாம் என்றால் தோழன் குளித்துக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான். மாப்பிள்ளை அறை காலியாக இருப்பதை முதலில் பார்த்தவர் வைரமணி. வேறு யார் பார்த்திருந்தாலும், எங்காவது போயிருப்பார், வருவார் என்று விட்டிருப்பார்கள். வைரமணி அண்ணன்களைக் கூட்டிவந்து அறையைக் காட்டினார். ஒச்சப்பன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இத்தனை வருஷப் படிப்புக்கு அன்றுதான் வேலை வந்திருந்தது.

முதல் காரியமாக ஒரு பயலும் வெளியே போகக்கூடாது, உள்ளே வரக்கூடாது என்று அறிவித்து, முன்வாசல் கேட்டையும் பின்கதவையும் பூட்டினார்கள். சாவியை யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல் வந்தது.

"எங்கிட்ட குடு" என்றார் ஒச்சப்பன்.

"அண்ணே, எல்லாரையும் சந்தேகப்படணும்னு நீங்கதானே வாசிச்சீங்க" என்றார் சோலைச்சாமி.

"ஆமா."

"உங்களையுந்தானே?"

ஒச்சப்பன் யோசித்தார். நியாயம் நியாயம்தான். தம்பி கேட்டது தப்பில்லை என்று ஒப்புக்கொண்டு, தன்னைத்தானே ஒருமுறை சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார். சோலைச்சாமியிடம் கொடுக்கலாமா என்றால் அவர் மேலும் சந்தேகம். வைரமணி மேல் சின்ன வயதிலிருந்தே சந்தேகம். மண்டபத்தில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஆளே இல்லை என்று முடிவாகி, சாவி இரண்டையும் கிணற்றில் போட்டார்கள்.

அடுத்தது, சம்பவ இடத்தில் எதையும் தொடக்கூடாது. சமையல்காரர் கரண்டியைத் தொடக்கூடாது. ஐயர் நெய்யைத் தொடக்கூடாது. தவில்காரர் தவிலைத் தொடக்கூடாது. கொஞ்ச நேரத்தில் பொங்கல் அடிப்பிடித்து வாசம் வந்தது. சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சோலைச்சாமி மூக்கை உறிஞ்சிப் பார்த்து, ஏதோ தடயத்தை எரிக்கிறார்கள் என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் இதற்குள் கொதிக்க ஆரம்பித்திருந்தார்கள். பத்தரைக்குள் தாலி ஏறாவிட்டால் எழுந்து போய்விடுவோம் என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கத்தினார். போக வழியில்லை என்பது பூட்டைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பெத்தணன் பெண்சாதியைப் பார்த்தார். என் தம்பிகளை ஒரு சொல் சொன்னால் நானும் கிளம்பிவிடுவேன் என்று ராமுத்தாய் கண்ணாலேயே சொன்னாள். பெத்தணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்தார்.

விசாரணையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதில் மாமன்களுக்கும் அக்கறை உண்டு. யார் மேல் கொஞ்சமும் சந்தேகம் வராதோ அவர்தான் கடைசியில் குற்றவாளியாக இருப்பார் என்பது அவர்கள் படித்த அத்தனை நாவலிலும் கண்டது. ஆகவே வந்திருந்த சனத்தை வரிசையாக நிறுத்தி, "உங்களுக்கு யார் மேல துளியும் சந்தேகம் இல்லை?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். தொல்லை விட்டால் போதும் என்று ஒரு பெரியவர், வாசலில் இருந்த பிள்ளையாரைக் கைகாட்டினார். பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள்.

ஒச்சப்பன் வைரமணியைப் பிள்ளையாருக்கு எதிரே நிறுத்தி, கண்ணை எடுக்காதே என்றார். கொஞ்சம் பொறுத்து வந்து, என்ன நிலவரம் என்று கேட்டார்.

"அசையாம உக்காந்திருக்காருண்ணே" என்றார் வைரமணி, வாயைப் பொத்தியபடி. "மடியில கனமில்லாதவன் இம்புட்டு நேரம் அசையாம இருக்க மாட்டான்."

தவமணி டீயைக் குடித்துவிட்டு வந்தபோது நிலைமை இப்படி இருந்தது. பின்கதவைத் தட்டினார், திறக்கவில்லை. முன்பக்கம் வந்தார், பூட்டு தொங்கியது. கம்பிக்கு உள்ளே சோலைச்சாமி நின்றார்.

"கதவைத் திறங்க, நேரமாச்சு" என்றார் தவமணி.

"மாப்பிள்ளை கிடைக்கிற வரைக்கும் யாரையும் உள்ள விடுறதுக்கில்ல" என்றார் சோலைச்சாமி.

தவமணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் பட்டுவேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, சுற்றுச்சுவரில் ஏறி உள்ளே குதித்தார். குதித்த இடத்திலேயே மூவரும் அமுக்கிவிட்டார்கள். நல்லவன் எவன் சுவரேறிக் குதிப்பான்? அது போக, குற்றவாளி குற்றம் நடந்த இடத்துக்குத் திரும்பி வந்தே தீருவான் என்பது எழுதிவைத்த விதி. காலையிலிருந்து அந்த மண்டபத்துக்குத் திரும்பி வந்தவன் இவன் ஒருத்தன்தான். பிள்ளையாரை அப்போதே விடுதலை செய்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டுச் சனம் ஓடிவந்து, ஐயோ இது எங்கள் பிள்ளை என்றது. துக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் பார்க்கிற ஆளெல்லாம் பறிகொடுத்த ஆள் மாதிரியே தெரியும் என்று ஒச்சப்பன் அவர்களுக்கு ஆறுதல் சொன்னார்.

"நிச்சயதார்த்தத்துல நாமளும் பாத்தோமே. அதே மூக்கு, அதே மச்சம்" என்று வைரமணி இழுத்தார்.

"அதான் தம்பி ஆள்மாறாட்டம்ங்கிறது" என்றார் ஒச்சப்பன். "கொஞ்சமாச்சும் வித்தியாசம் இருந்தா மாப்பிள்ளைதானோன்னு நானே யோசிச்சிருப்பேன். இம்புட்டு அச்சா இருக்கான்னா வேஷந்தான்."

தவமணியை அவருடைய அங்கவஸ்திரத்தாலேயே தூணில் கட்டி, விசாரணை தொடங்கியது.

"காலையில எங்க இருந்தே?"

"டீக்கடையில."

"மாப்பிள்ளை எங்க இருந்தாரு?"

"அவரும் டீக்கடையிலதான்."

ஒச்சப்பன் தம்பிகளைத் திரும்பிப் பார்த்தார். நமக்கே தெரியாத விஷயம் இவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

"கூட வேற யாராச்சும் இருந்தாங்களா?"

"யாருமில்லைங்க. நான் மட்டுந்தான்."

"அப்ப மாப்பிள்ளையைக் கடைசியாப் பாத்தது நீ மட்டுந்தான். ஒத்துக்கிறியா?"

தவமணி அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். நான்தான் மாப்பிள்ளை என்று அவர் சொல்லச் சொல்ல, காணாமல் போனவன் எப்படி இங்கே நிற்க முடியும், நின்றால் கேஸே இல்லையே, கேஸ் இல்லாமலா இத்தனை பேரை விசாரித்தோம் என்று சோலைச்சாமி பொறுமையாக விளக்கினார்.

உள்ளறையில் அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த இன்பவள்ளிக்கு எல்லாம் காதில் விழுந்தது. அவளுக்குத் தவமணியை நிரம்பப் பிடித்திருந்தது. முகூர்த்தம் தவறினால் மாப்பிள்ளை வீட்டார் போய்விடுவார்கள். மாமன்களை எதிர்த்தால் மாமன்கள் போய்விடுவார்கள், அம்மாவும் கூடவே போவாள். ஒற்றைத் தோட்டோடு நின்ற பிள்ளைக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரைக்கு அதிக நேரமில்லை. புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே தூணுக்கு வந்தாள்.

"மாமா, எனக்கு ஒரு சந்தேகம்."

சந்தேகம் என்ற சொல்லைக் கேட்டதும் மூவர் முகமும் மலர்ந்தது. தங்கள் ரத்தம் என்பது இதுதான்.

"தொடர்ல எல்லாம், சம்பவம் எப்படி நடந்துச்சோ அப்படியே திரும்ப நடிச்சுக் காட்டச் சொல்லுவாங்கல்ல? அதை நீங்க இன்னும் செய்யலையே."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய விஷயத்தை மறந்துபோனோமே என்று ஒச்சப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டார். சோலைச்சாமிக்கு மட்டும் ஒரு குழப்பம். மாப்பிள்ளை காணாமல் போனதை எப்படி நடிப்பது? இன்னொரு மாப்பிள்ளையைத் தொலைக்க வேண்டியிருக்குமே என்றார்.

"அதில்ல மாமா. அவரு காணாமப் போகலேன்னா இந்நேரம் என்ன நடந்திருக்குமோ, அதை நடத்திப் பாக்கணும். மாப்பிள்ளை இடத்துல இந்த ஆளை உக்கார வைங்க. ஐயர் மந்திரம் சொல்லட்டும், தாலியைக் கையில குடுங்க. நிஜ மாப்பிள்ளைன்னா கை நடுங்காது. களவாணிக்கு நடுங்கும்."

இதைவிட நல்ல யோசனை எந்த நாவலிலும் வந்ததில்லை. உடனே கட்டை அவிழ்த்தார்கள். தொடக்கூடாது என்ற தடையும் நீங்கியது. நடிப்பு என்றால் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று மாமன்கள் மூவரும் இன்பவள்ளியைக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தார்கள். சீர்த்தட்டு வைத்தார்கள். மாலை எடுத்துக் கொடுத்தார்கள். வைரமணிக்கு அழுகையே வந்துவிட்டது. நிஜம் மாதிரியே இருக்கிறது என்று அவரைத் தட்டிக்கொடுத்தார் சோலைச்சாமி.

கெட்டிமேளம் முழங்கியது. தவமணி தாலியை எடுத்தார். காலையிலிருந்து பட்ட பாட்டில் அவருடைய கை வெடவெடவென்று நடுங்கியது. ஒச்சப்பன் தம்பிகளின் விலாவில் இடித்தார்.

மூன்று முடிச்சும் விழுந்தது. ராமுத்தாய் கண்ணைத் துடைத்தாள். பெத்தணன் வாயிலிருந்த துண்டை எடுத்தார்.

அட்சதை விழுந்து ஓய்ந்ததும் ஒச்சப்பன் மணவறைக்கு வந்தார். சந்தேகமேயில்லை, இவன்தான் குற்றவாளி என்று அறிவித்தார். ஆனால் மாப்பிள்ளையை எங்கே ஒளித்துவைத்திருக்கிறான் என்பது தெரிகிறவரை இவனை விட்டுவிடக் கூடாது.

"இவனை உன் பொறுப்புல ஒப்படைக்கிறோம் தாயி. எங்க போனாலும் கூடவே போ. வேளாவேளைக்குச் சோறு போடு. ராத்திரி பகல் கண்ணுல வச்சுக்க. எங்க மாப்பிள்ளை கிடைச்சதும் வந்து கூட்டிக்கிட்டுப் போறோம்."

"சரிங்க மாமா" என்றாள் இன்பவள்ளி, தலையைக் குனிந்துகொண்டு. மாப்பிள்ளை வீட்டார் பூட்டை உடைத்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் வண்டி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மாமன்கள் கேஸைக் கைவிடவில்லை. கல்யாண போட்டோவிலிருந்து தவமணியின் முகத்தை வெட்டியெடுத்து, 'காணவில்லை' என்று நோட்டீஸ் அடித்து, தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் ஒட்டினார்கள். ஒட்டிக்கொண்டே சின்னமனூர் வந்தபோது, மருமகள் வீட்டுக்கும் ஒரு நடை போனார்கள். குற்றவாளி பம்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒச்சப்பன் நோட்டீஸை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"உண்மையைச் சொல்லு. இவரை எங்கயாச்சும் பாத்தியா?"

தவமணிக்கு இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை. "தினமும் காலையில தலை சீவுறப்ப பாக்குறேங்க" என்றார். "உள்ள இருக்கிற பீரோக் கண்ணாடியில."

மூவருக்கும் மூச்சு நின்றது. இத்தனை நாள் கழித்து ஒரு வாக்குமூலம். செருப்பைக் கழற்றி, சத்தமில்லாமல் உள்ளே போய், பீரோவுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் மாப்பிள்ளை இல்லை. ஆனால் மூன்று பேர் குத்தவைத்து உட்கார்ந்து, கண் கொட்டாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நமக்கு முந்தியே ஆள் போட்டிருக்காங்க" என்று வைரமணி கிசுகிசுத்தார்.

"மேலிடத்துலருந்து வந்திருப்பாங்க. தொந்தரவு பண்ணாதீங்க" என்றார் ஒச்சப்பன்.

"மூஞ்சியைப் பாத்தா விவரமான ஆளுங்களாத் தெரியலையேண்ணே" என்றார் சோலைச்சாமி.

"அது வேஷம்டா."

இன்பவள்ளி காபி கொண்டுவந்தாள். எங்களுக்கு இருக்கட்டும், முதலில் உள்ளே இருக்கிறவர்களுக்குக் கொடு தாயி, எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார்களோ என்று ஒச்சப்பன் சொன்னார். சொல்லியபடியே தன் டம்ளரை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தவர், அப்படியே அசந்துபோனார். உள்ளே இருந்தவர் கையிலும் ஒரு டம்ளர் இருந்தது.

"பாத்தியா" என்றார் தம்பிகளிடம், மரியாதையோடு. "நம்ம எல்லார் கண்ணு முன்னாலயும் எடுத்திருக்கான், ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சுதா? இவன் துப்பறிவாளன்."