வியாழக்கிழமைக்கு வைத்த வெந்நீர்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மடத்துச் சமையலறையில் பாத்திரங்களெல்லாம் அடி வாங்கிக்கொண்டிருந்தன. உலகம்மாளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். காய் நறுக்க வந்த சிஷ்யைகள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். குரு சாந்தநாயகி மட்டும் உள்ளே வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்தார். குருவுக்கு நாற்பது வயது, இந்தச் சிஷ்யைக்கு ஐம்பத்தாறு.

"என்ன ஆச்சு உலகம்மா?"

கொட்டித் தீர்த்தாள். கருப்பை வாயில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு அன்று காலை அவளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இன்னொருத்தி முன்னால் அப்படிப் படுக்க வேண்டுமே என்று கூனிக் குறுகிப்போனவள், வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரால் உள்ளே வரை கழுவிக்கொண்டு, கோயிலுக்குப் போவதுபோலப் புதுச்சேலை கட்டிப் போனாள். நர்ஸ் விசாரித்தாள், இவளும் பெருமையாகச் சொன்னாள். எல்லாவற்றையும் கழுவிவிட்டு வந்தால் நான் எதை எடுத்துப் பார்ப்பது என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மேலுக்குக் குளிக்கலாமாம். உள்ளே மட்டும் இரண்டு நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாதாம். வியாழக்கிழமை வரணுமாம்.

"நாத்தத்தோட போய்ப் படுக்கணுமா தாயே? கழுவாமப் போக என்னால ஆகாது. கேட்டா, கழுவலைன்னு சொல்லிட்டுப் போறேன்."

வியாழக்கிழமைக்கென்று இப்போதே வைத்த வேப்பிலைத் தண்ணீர் அடுப்பில் மறுபடியும் கொதித்துக்கொண்டிருந்தது. குரு அதைப் பார்த்தார்.

"உங்க அக்காவுக்கும் இதே நோய்தானே?"

கரண்டி நின்றது. அக்காவைப் பறிகொடுத்த பிறகுதான் உலகம்மாள் மடத்துக்கு வந்தாள். இந்த ஆறு வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

"இதேதான்."

"எத்தனை மாசம் படுத்திருந்தாங்க?"

"எங்க படுத்தா, சண்டாளி?"

தீட்டு நின்று பல வருஷம் கழித்து அக்காவுக்குத் திரும்ப உதிரம் பட ஆரம்பித்ததாம். வீடு எழும்புமுன் சேலையை அலசிக் காயப்போட்டுவிடுவாளாம். இரண்டு வேளைக் குளியல், வாடை தெரியாமலிருக்க உடம்பெல்லாம் சந்தனம். எட்டு மாசம் புருஷனுக்கே தெரியாது. தெரிந்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"அடுத்த தெருவில கூடப் பொறந்தவ நான் இருந்தேன் தாயே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா? செத்துப்போயிட்டா, தப்பிச்சா. இருந்திருந்தா செவிட்டுல ஒண்ணு விட்டிருப்பேன்."

கையை ஓங்கியே காட்டினாள். ஆறு வருஷத்துக் கோபம் அது. நர்ஸ் பாவம், குறுக்கே வந்து மாட்டிக்கொண்டாள்.

குரு எழுந்தார். காவி முந்தானையால் பானையைப் பிடித்து இறக்கி, கொல்லைக்குத் தூக்கிப்போய் மண்ணில் கவிழ்த்தார்.

உலகம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

"நீங்களுமா என்னை அசுத்தமாப் போகச் சொல்லுதீக?"

குருவின் முகம் சிவந்திருந்தது. அவர் கோபப்பட்டு மடத்தில் ஒருவரும் பார்த்ததில்லை.

"உங்க அக்கா சுத்தமாத்தான் செத்தாங்க, உலகம்மா."