விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடி

கரிசல் காட்டு மடம் ஒன்றில் அய்யலுசாமி என்றொரு சீடர் இருந்தார். பருத்தி வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு வந்தவர், குருவைவிட வயதில் மூத்தவர். வியாபாரத்தை விட்டாரே தவிர அவசரத்தை விடவில்லை.

குருபூசைக்கு வருகிறவர்கள் தங்க ஒரு கூடம் கட்டும் வேலையைக் குரு அவரிடம் கொடுத்தார். "கெட்டித்தரை தட்டுப்படுற வரைக்கும் தோண்டுங்க" என்றும் சொல்லியிருந்தார். கோடையில் கரிசல் மண் இறுகிக் கிடந்தது. இதுவே கெட்டித்தரைதான் என்று இடுப்பளவு ஆழத்திலேயே அஸ்திவாரம் போட்டுவிட்டார் அய்யலுசாமி.

ஐப்பசி மழையில் மண் ஊறி உப்பியது. மாசி வெயிலில் காய்ந்து சுருங்கியது. ஒரு மூலை கீழே இறங்கி, சுவரில் கோணலாக விரிசல் ஓடியது. அவர் சிமெண்டால் அடைத்து வெள்ளையடித்தார். அது மறுபடியும் வாயைத் திறந்தது. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"சாமி, இந்த விரிசல் நின்னுருச்சா, இன்னும் ஓடுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

குரு மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளையும் சிமெண்டால் ஒட்டினார்.

"சுவர் அசைஞ்சா இது உடையும். பாத்துக்கிட்டே இருங்க."

விடிந்ததும் விடியாததுமாக ஓடிப்போய்ப் பார்ப்பதே அய்யலுசாமிக்கு வேலையாகிவிட்டது. ஒருநாள் கண்ணாடி உடைந்திருந்தது. யாரும் பார்க்குமுன் வேறொன்றை ஒட்டினார். அதுவும் உடைந்தது. அதையும் மாற்றினார். குரு கேட்கும்போதெல்லாம் "முழுசா இருக்கு சாமி" என்பார். சொல்லிவிட்டு அங்கே நிற்கமாட்டார்.

குருபூசை வந்தது. வண்டிகளிலிருந்து சனங்கள் இறங்கினார்கள்.

"கூடத்துல தங்க வைக்கலாமா? தினமும் பாக்கிறவர் நீங்கதான்" என்றார் குரு.

அய்யலுசாமி சரியென்று தலையை ஆட்டிவிட்டார்.

ஒரு தாய் விரிசல் விட்ட அந்த மூலையிலேயே சேலையை விரித்துக் கைக்குழந்தையைக் கிடத்தினாள்.

"பிள்ளையைத் தூக்கு தாயி! எல்லாரும் வெளியே போங்க!" என்று கத்திக்கொண்டே அய்யலுசாமி ஓடினார்.

கூடம் காலியானது. அத்தனை பேர் முன்னிலையிலும் அவர் குருவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கண்ணாடி உடைஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு சாமி. நான்தான் மாத்தி மாத்தி ஒட்டினேன். அஸ்திவாரமும் ஆழமில்ல."

குரு அவரைக் கைகொடுத்துத் தூக்கினார்.

"கெட்டித்தரை இப்பத்தான் தட்டுப்பட்டிருக்கு. கடப்பாரையை எடுத்துட்டு வாங்க அய்யா."