இரும்புக்கு மிஞ்சிய ஒரு சொல்

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமில்லை, இரும்பும் வாய் திறந்து பேசும். ஆனால் எவ்வளவுதான் காய்ந்தாலும் அதன் முகம் கருகருவென்று ஒரே மாதிரி இருக்கும். அதனால் கொல்லன் சுடலை அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வேலை செய்வான். "காய்ஞ்சிட்டேன், அடி" என்று அது சொன்ன பிறகுதான் சம்மட்டியை ஓங்குவான்.

அவன் பெண்டாட்டி குருவம்மா துருத்தி ஊதுவாள். மகள் பூமாரி அப்போதுதான் தவழப் பழகிய குழந்தை.

ஏர் உழும் கொழு ஒன்று உலையில் கிடந்தது. காலையிலிருந்து அடி வாங்கி அதற்கு அலுத்துவிட்டது. சுடலை கரி அள்ளப் போயிருந்த நேரம், குருவம்மா குறடால் அதைத் தூக்கிக் கேட்டாள்.

"என்ன கொழு, சூடேறிட்டியா?"

"எங்கே ஏறுது? உன் துருத்தியிலே காத்தே வரலை. பச்சைத் தண்ணியாட்டம் கிடக்கேன்."

"அடி வாங்குற கழுதை, என் துருத்தியையா குறை சொல்றே!" சிரித்துக்கொண்டே கொழுவைத் தரையில் போட்டுவிட்டு, தோலில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று துருத்தியைத் தடவிப் பார்க்கக் குனிந்தாள்.

பின்னால் பூமாரி தவழ்ந்து வந்தாள். கருப்பாய்க் கிடந்த கொழு அவளுக்கு விளையாட்டுச் சாமான்.

"தொடாதே தங்கம், சுடும்!" என்று கொழு அலறியது. சொன்னால் புரிகிற வயசா அது? பிஞ்சுக் கை அதற்குள் பற்றிவிட்டது.

புண் ஆறியது. மடங்கிய விரல்கள் மட்டும் பிறகு விரியவே இல்லை.

குருவம்மா கொழுவைத் திட்டவில்லை. "கிட்டே கையைக் காட்டியாவது பாத்திருக்கலாமே, பாவி நான்" என்று தன் தலையில்தான் அடித்துக்கொண்டாள். சம்மட்டி அடியைவிட அது கொழுவுக்கு வலித்தது.

"அடிக்குப் பயந்து பொய் சொல்லிட்டேன்" என்று உலைத் தீயிடம் அழுதது. "இந்த நாக்கை எடுத்துக்கோ. என் சூட்டை நான் மறைக்க முடியாதபடி பண்ணிடு."

"சரி" என்றது தீ. "இனிமே காயக் காயச் சிவப்பு, அப்புறம் மஞ்சள், அப்புறம் வெள்ளைன்னு உன் முகமே சொல்லும். உனக்கு மட்டுமில்லை, கல்லானாலும் மண்சட்டியானாலும் ஒரே சூட்டுக்கு ஒரே நிறம்தான்."

"சிவக்கிறதுக்கு முந்தியே என் பிள்ளை கை வெந்துபோகுமே சாமி, அந்தச் சூட்டுக்கு என்ன நிறம்?" என்று கேட்டாள் குருவம்மா.

தீ தணிந்து எரிந்தது. "அதுக்கும் ஒரு நிறம் உண்டு தாயி. அதைப் பாக்குற கண்ணுதான் மனுஷருக்கு இல்லை."

"அப்போ அதுக்குன்னு ஒரே ஒரு சொல்லையாவது இதுகிட்டே விட்டு வை."

தீ அப்படியே செய்தது.

அன்று முதல்தான் பட்டறையில் கருத்துக் கிடக்கும் இரும்பைத் தொடுமுன் தண்ணீரைத் தெளித்துப் பார்க்கிறார்கள். சூடு இருந்தால் அது 'சுர்ர்' என்கிறது. இரும்புக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான்; அதை அது ஒருநாளும் பொய்யாகச் சொன்னதில்லை.