மொட்டைப் பூதத்தின் கொம்பு

வெள்ளிக்குன்றம் அரண்மனையில் தினமும் காலையில் ஒரு பூத விளையாட்டு நடக்கும். எட்டுப் பலகையில் வரைந்த எட்டுப் பூதம். வாலுள்ளதை வாலுள்ளதோடும், இறக்கையுள்ளதை இறக்கையுள்ளதோடும் கயிற்றால் கோர்க்க வேண்டும். ஒன்றும் தனித்து நிற்கக் கூடாது. தோற்றவர் சபை நடுவே தோப்புக்கரணம் போட வேண்டும். புதிர் போடுகிறவர் திவான் ஆபத்சகாயம். பத்து நாளாக ஒருவரும் ஜெயிக்கவில்லை.

"பலகை துடைக்கிற செங்கமலம் இன்று கோர்க்கட்டும். தோற்றால் வேலையும் போச்சு," என்றார் திவான்.

அவள் மூன்று ஜோடி கோர்த்தாள். மிஞ்சியது ஒரு கொம்புப் பூதமும், ஒன்றுமே இல்லாத மொட்டைப் பூதமும்.

"போடு தோப்புக்கரணம்!" என்றார் திவான்.

"போடறேன் சாமி. இந்த மொட்டைத் தலையில தூசியா இருக்கு. துடைக்கக் கூடாதுன்னு விதி இருக்குங்களா?"

திவான் பதறி எழுந்தார். அதற்குள் ராஜா, "துடையேன்," என்றுவிட்டார்.

ஈரத்துணி பட்டதும், விடிகாலையில் திவான் தம் கையாலேயே பூசிய கரிமை பூதத்தின் மூஞ்சியெல்லாம் வழிந்தது. உள்ளேயிருந்து கொம்பு எட்டிப் பார்த்தது. சபை கொல்லென்று சிரித்தது.

தினம் துடைக்கிறவளுக்கு மை தெரியாமல் போகுமா என்று அப்போதுதான் திவானுக்கு உறைத்தது. கூனிக் குறுகி நின்றார். வியர்த்துக் கொட்டியது. செங்கமலம் பணிவாகத் துணியை நீட்ட, யோசிக்காமல் வாங்கி முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

கொம்பு இரண்டையும் கோர்த்துவிட்டு அவள் மிச்சக் கயிற்றை எடுத்தாள்.

"மை வழியற மூஞ்சியும் ரெண்டு ஆயிடுச்சுங்களே எசமான். கோர்த்துடட்டுங்களா?"

ராஜா வாய் திறக்குமுன் திவானே கோர்க்கச் சொல்லிக் கையை நீட்டினார்.